மார்ச் மாதத்துப் படம்

2004 டிசம்பர் 23ஆம் தேதி அந்த எண் 300-ல் ஒன்று. மறுநாள் 62-ல் ஒன்று. 27ஆம் தேதி 37-ல் ஒன்று, அதாவது 2.7 சதவீதம். ஒரு சிறுகோள் 2029 ஏப்ரல் 13 அன்று பூமிமீது மோதுமா என்று அமெரிக்காவிலும் இத்தாலியிலும் தனித்தனியே போட்ட கணக்கு அது. மோதல் அபாயத்தைப் பூஜ்யம் முதல் பத்து வரை தரம்பிரிக்கும் டோரினோ அளவுகோலில் அந்தக் கல் நான்காம் படியில் ஏறியது. அதற்கு முன்போ பின்போ வேறு எந்தக் கல்லும் அந்தப் படியைத் தொட்டதில்லை. குறுக்களவு முந்நூறு மீட்டருக்கு மேல். பெயர்கூட வைத்திருக்கவில்லை, 2004 எம்என்4 என்று ஒரு பதிவெண், அவ்வளவுதான்.

எண்கள் இப்படி ஏறிக்கொண்டிருந்த நாட்களுக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. 26ஆம் தேதி. காலை ஆறரை மணிக்கு சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பிளந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து வரவிருந்த ஒரு கல்லைப் பற்றி உலகம் முழுக்கத் திறந்துவைத்த எச்சரிக்கைப் பக்கம் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் வரவிருந்த தண்ணீரைப் பற்றி அக்கரைப்பேட்டைக்கோ வேளாங்கண்ணிக்கோ ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை ஏற்பாடே அன்று கிடையாது. ஹைதராபாத்தில் மையம் வந்தது 2007-ல்.

அந்த வாரத்தில் சிறுகோளைப் பற்றி நம்மில் யாரும் கேள்விப்படாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் 27ஆம் தேதியே அந்தக் கவலை தீர்ந்துபோனதே, அது தீர்ந்த விதத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும். கல்லை முதலில் பார்த்தது ஜூன் 19ஆம் தேதி, அரிசோனாவில் உள்ள கிட் பீக் மலையில். இரண்டே இரவுகளில் அது கைநழுவிப் போனது. டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் மறுபடி அகப்பட்டது. பாதையைத் துல்லியமாக்க நீண்ட கால இடைவெளியில் எடுத்த ஒரு படம் வேண்டும். அதற்காக யாரும் புதுத் தொலைநோக்கி கட்டவில்லை. அதே கிட் பீக் மலையில் இயங்கும் ஸ்பேஸ்வாட்ச் என்ற இன்னொரு குழு தன் பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தது. மார்ச் 15ஆம் தேதிப் படத்தில் மங்கலாக அந்தக் கல் இருந்தது. கண்டுபிடிப்பதற்கு மூன்று மாதம் முன்பே படத்தில் விழுந்திருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஒரு படத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டதும் 2029-ல் மோதலே இல்லை என்றாகிவிட்டது. பிற்பாடு அந்தக் கல்லுக்கு அபோஃபிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

சிறுகோள், விண்கல் ஆய்வின் இருநூறு வருட வரலாற்றைப் படிக்கப் படிக்க இந்தக் கதை திரும்பத் திரும்ப வருவதாக எனக்குத் தோன்றுகிறது. விடை வானத்திலிருந்து இறங்கி வந்த சந்தர்ப்பங்கள் குறைவு. பெரும்பாலும் அது யாரோ பரணில் போட்டுவைத்த ஒரு பெட்டியிலேயே இருந்திருக்கிறது.

முதலில் அந்த ஏறும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தவறாகப் புரிந்துகொள்ள எளிதான எண் அது. நமக்குப் புயல் அறிவிப்பு பழக்கம். நாகைக்கும் நெல்லூருக்கும் இடையே கரையைக் கடக்கும் என்பார்கள். மறுநாள் கடலூருக்கும் சென்னைக்கும் இடையே என்பார்கள். பட்டை குறுகியதே தவிர புயல் யார் பக்கமும் திரும்பவில்லை. ஆனாலும் பட்டைக்குள் இன்னும் இருக்கும் புதுச்சேரிக்காரரின் பங்கு கூடிவிட்டது. இன்னும் குறுகும்போது ஒன்று புதுச்சேரி அதற்குள் நிற்கும், அல்லது ஒரேயடியாக வெளியே விழும். சிறுகோள் கணக்கும் இதேதான். பூஜ்யத்துக்குப் போகும் வழியில் எண் ஏறத்தான் செய்யும். 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள தொலைநோக்கி ஒன்றில் அகப்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற கல்லுக்கு அந்த எண் 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை போய், சில நாட்களில் சரிந்தது. மோதினால் எங்கே என்று வரைந்த பட்டையில் தெற்காசியாவும் இருந்ததால் நம் தொலைக்காட்சிகள் ஒரு வாரம் அதை வைத்து ஓட்டின. சரிந்த செய்தியை அதே சத்தத்தோடு சொன்னவர்களை நான் பார்க்கவில்லை.

வானத்திலிருந்து கல் விழும் என்பதையே படித்தவர்கள் ஒப்புக்கொண்டது நேற்றுத்தான். 1794-ல் ஜெர்மானியரான கிளாட்னி அதை ஒரு நூலாக எழுதியபோது கேலிதான் மிஞ்சியது. 1803 ஏப்ரலில் பிரான்சில் லேகிள் ஊரைச் சுற்றிலும் பட்டப்பகலில் ஆயிரக்கணக்கில் கல் மழை பெய்தது. பாரிஸிலிருந்து போன பியோ என்ற இளம் இயற்பியலாளர் ஊர் ஊராக நடந்து, பார்த்தவர்களின் வாக்குமூலத்தைச் சேகரித்து, விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார். விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது அப்போதுதான் அறிவியல் ஆனது. சின்னக் கல்லுக்கே இந்தப் பாடு. பெரிய கல் விழுந்து பள்ளம் பறிக்கும் என்பதை ஒப்புக்கொள்ள இன்னும் நூற்றைம்பது வருடம் ஆனது.

கிட் பீக் இருக்கும் அதே அரிசோனாவில், பாலைச் சமவெளியின் நடுவே 1,200 மீட்டர் அகலமும் 170 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு பள்ளம் இருக்கிறது. சுற்றிலும் இரும்புக் கற்கள் சிதறிக் கிடந்தன. 1891-ல் அங்கே போனவர் சாதாரண ஆளில்லை. அமெரிக்க நிலவியல் துறையின் தலைமை நிலவியலாளர் கில்பர்ட். அவர் கையாண்ட முறையில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. விண்ணிலிருந்து விழுந்த இரும்பு மலை என்றால் அது பள்ளத்தின் அடியில் புதைந்திருக்க வேண்டும். அப்படியானால் காந்த ஊசி அசைய வேண்டும். விளிம்பில் குவிந்த மண்ணை எல்லாம் பள்ளத்தில் திரும்பக் கொட்டினால், புதைந்த இரும்பு இடத்தை அடைத்திருப்பதால் மண் மிஞ்ச வேண்டும். இரண்டையும் அளந்தார். ஊசி அசையவில்லை. மண்ணும் மிஞ்சவில்லை, பள்ளத்துக்குச் சரியாக இருந்தது. நிலத்தடி நீராவி வெடித்ததால் உண்டான பள்ளம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். இரும்புக் கற்கள் அங்கே கிடந்தது தற்செயல்!

அளவுகள் இரண்டும் சரி. தவறு அவற்றுக்கு முன்னால் இருந்த 'அப்படியானால்' என்ற சொல்லில். நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும் கல், மண்ணில் செருகிய கடப்பாரை மாதிரி நிற்பதில்லை. வந்த வேகமே வெடியாகிப் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் போய்விடும். தன்னைவிட இருபது மடங்கு அகலமான பள்ளத்தை விட்டுவிட்டுக் கல் காணாமல் போகும். இதே கில்பர்ட் மறுவருடம் வாஷிங்டனில் தொலைநோக்கி வழியாக நிலாவை இரவுக்கணக்கில் பார்த்துவிட்டு, அங்குள்ள பள்ளங்கள் கற்கள் மோதியவைதான் என்று எழுதினார். நிலாவில் சரியாகப் பார்த்தவர், காலடியில் இருந்ததைக் கோட்டைவிட்டார்.

கில்பர்ட் இல்லை என்று சொன்ன இரும்பைத் தேடிக் கிளம்பினார் பாரிங்கர் என்ற சுரங்கப் பொறியாளர். 1903-ல் கம்பெனி ஆரம்பித்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் துளை போட்டார். விண்கல் பள்ளம்தான் என்பதில் அவர் நூற்றுக்கு நூறு சரி. கோடிக்கணக்கான டாலர் இரும்பு கீழே இருக்கிறது என்பதில் நூற்றுக்கு நூறு தவறு. 1929 நவம்பரில் மோல்டன் என்ற வானியலாளர் கணக்குப் போட்டு, வந்த கல்லே மூன்று லட்சம் டன்தான், அதிலும் மிச்சம் எதுவும் இராது என்று அறிக்கை தந்தார். அதைப் படித்த சில நாட்களில் பாரிங்கர் மாரடைப்பில் இறந்தார். பள்ளத்துக்கு இன்று அவர் பெயர்தான். ஊசியும் பொய் சொல்லவில்லை, துளையும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் நல்ல ஆட்கள்.

வழக்கு முடிந்தது 1960-ல். 1953-ல் ஆய்வகத்தில் பிரம்மாண்டமான அழுத்தம் கொடுத்து மணற்கல்லின் சரக்கான குவார்ட்ஸின் அதே வேதிப்பொருளில் கோயசைட் என்ற ஒரு புதுப் படிகத்தைச் செய்திருந்தார்கள். அரிசோனாப் பள்ளத்தின் மணற்கல்லில் அதே கோயசைட் இருப்பதை ஷூமேக்கர், சாவோ என்ற இரு விஞ்ஞானிகளின் குழு கண்டது. எரிமலையோ நீராவியோ தரக்கூடிய அழுத்தம் அல்ல அது. ஷூமேக்கர் ஏற்கெனவே நெவாடாவில் அணுகுண்டுச் சோதனையில் உண்டான பள்ளங்களை அளந்து, அவற்றின் அமைப்பை இதோடு ஒப்பிட்டிருந்தார். அணுகுண்டு விஞ்ஞானத்துக்குச் செய்த உபகாரங்களில் இது ஒன்று. கணக்கில் வரவு வைக்க மனம் வரவில்லை என்றாலும் சொல்லத்தான் வேண்டும்.

அதே வருடம் ஷூமேக்கர் ஜெர்மனியில் நார்ட்லிங்கன் என்ற சிற்றூருக்குப் போனார். ஊரே இருபத்துநாலு கிலோமீட்டர் அகலமான ஒரு வட்டத் தாழ்வுக்குள் இருக்கிறது. பழைய எரிமலை என்பதுதான் எல்லோரும் சொன்னது. ஊரின் நடுவே புனித ஜார்ஜ் தேவாலயம். அக்கம்பக்கத்துக் குவாரிக் கல்லில் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டியது. கண்ணாடித் துணுக்குகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும் சாம்பல்நிறக் கல். மோதலின் அதிர்ச்சியில் உருகி இறுகிய கல் அது. ஐந்நூறு வருடமாக ஊர்க்காரர்கள் சாய்ந்து நின்ற சுவரே சான்று. ஞாயிறுதோறும் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

டைனோசர்கள் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை நீட்டவில்லை. இத்தாலியில் கூபியோ ஊர்ப் பாறையில் ஒரு சென்டிமீட்டர் களிமண் படலம். அதில் பூமியின் மேற்பரப்பில் அரிதான இரிடியம் சுற்றியுள்ள பாறையைவிட முப்பது மடங்கு. அதை வைத்து வால்டர் ஆல்வரெஸும் அவர் அப்பா லூயிஸ் ஆல்வரெஸும் சகாக்களும் 1980-ல், ஆறரைக் கோடி வருடம் முன்பு பத்துக் கிலோமீட்டர் அகலமான கல் ஒன்று மோதியது என்று எழுதினார்கள். பள்ளம் எங்கே என்று உலகமே கேட்டது. நான் சொல்ல வருவது அந்தக் கேள்விக்கு அடுத்த பத்து வருடத்தைப் பற்றி. மெக்சிகோ அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸ் 1950-களிலேயே யுகாத்தான் கரையில் எண்ணெய் தேடித் துளை போட்டு, வந்த பாறையை எரிமலைச் சரக்கு என்று எழுதி மூடிவைத்திருந்தது. 1978-ல் அதே நிறுவனத்துக்காக வேலை பார்த்த பென்ஃபீல்ட் என்பவர், காமார்கோ என்ற சகாவோடு சேர்ந்து, காந்த அளவீட்டிலும் ஈர்ப்பு அளவீட்டிலும் 180 கிலோமீட்டர் அகல வட்டத்தைப் பார்த்தார். 1981-ல் எண்ணெய்க்காரர்கள் மாநாட்டில் சொல்லவும் செய்தார். பள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சமயத்தில் யூட்டா மாநிலத்தில் வேறொரு கூட்டத்தில் இருந்தார்கள். ஹியூஸ்டன் பத்திரிகை ஒன்றில் செய்தியும் வந்தது, எழுதியவர் பையர்ஸ். ஒன்பது வருடம் கழித்து, 1990-ல், பள்ளத்தைத் தேடிய ஹில்டப்ராண்ட் என்ற ஆய்வு மாணவரிடம் அந்த நிருபர்தான் இப்படி ஒரு வட்டம் இருக்கிறதே என்று சொன்னார். 1991-ல் கட்டுரை வந்தது. இன்று சிக்சுலுப் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிகிற பெயர், ஒரு துறையின் கோப்பிலிருந்து இன்னொரு துறையின் மேசைக்கு வர எடுத்த காலம் அது. தக்காணத்தின் எரிமலைக் குழம்புக்கும் அந்த அழிவில் பங்குண்டா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக் குவாரிகளில் லாரி ஏறும் கல் அந்தக் காலத்துக் கடலின் அடித்தரை என்பதை இங்கே நினைவூட்டிவிட்டு நகர்கிறேன்.

சென்னைக்கும் இதில் ஓர் இடம் உண்டு, அதுவும் பலர் தினமும் கடந்துபோகிற இடம். புயல் நேரத்தில் தொலைக்காட்சியில் அடிபடும் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் வளாகம்தான் பழைய மதராஸ் வானாய்வகம். 1792-ல் கருவி தாங்க நிறுத்திய பத்து டன் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. 1861-ல் வந்து பொறுப்பேற்ற நார்மன் பாக்சன், அந்த ஏப்ரல் 17ஆம் தேதி ஒரு புதுச் சிறுகோளைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்ட முதல் சிறுகோள். ஆகவே பெயரும் ஆசியா. சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா என்று மேலும் நான்கு இங்கிருந்தே. எல்லாம் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சாதுக்கள். சில்வியாவுக்கு இரண்டு நிலாக்கள் உண்டு என்று 2005-ல் தெரியவந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட நிலாவோடு தெரிந்த முதல் சிறுகோள் அதுதான். பாக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டவர், திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். பாக்சன் முப்பது வருடம் ஓயாமல் அளந்தார். அச்சுக்குக் கொடுக்க மட்டும் நேரமில்லை. 1891-ல் அவர் இறந்தபோது குவிந்து கிடந்த பதிவுகளை அடுத்து வந்த மிக்கி ஸ்மித் வெளியிட வேண்டியிருந்தது. பரண் நம் ஊரிலும் உண்டு.

இதில் நான் மிகவும் மதிக்கும் பழைய பதிவாளர் கூடலூர் கிழார். எரிநட்சத்திரம் ஒன்று விழக் கண்டு, தன் சேர மன்னன் ஏழாம் நாள் இறப்பான் என்று அஞ்சியவர். அப்படியே நடந்ததாகப் புறநானூற்றின் 229ஆம் பாட்டு சொல்கிறது. மன்னன் இறந்ததற்கும் கல் விழுந்ததற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் பாட்டைத் திறந்து பாருங்கள்: பங்குனியின் எந்தப் பாதி, இரவில் எந்த வேளை, உச்சியிலிருந்து சாய்ந்த மீன் எது, எழுந்த மீன் எது, இறங்கிய மீன் எது, விழுந்த கல் எந்தெந்தத் திசைக்குப் போகாமல் எப்படி விழுந்தது. பியோ லேகிளில் கேட்டு எழுதியதும் இப்படிப்பட்ட விவரங்களைத்தான். பயந்துகொண்டே எழுதினாலும் அளந்து எழுதிய மனுஷன்.

2016 பிப்ரவரியில் அன்றைய வேலூர் மாவட்டத்தில், ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிச் சத்தம். ஓட்டுநர் ஒருவர் இறந்தார், தரையில் ஒரு குழி. விண்கல் என்று மாநில அரசே அறிவித்து நிதியும் கொடுத்தது. விண்கல் அடித்து ஒருவர் இறந்த முதல் சம்பவம் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரிகிறது என்றார்கள். லேகிளின் காலத்தில் கல் விழுந்ததை நம்ப மறுத்தார்கள். நாம் விழாத கல்லையும் நம்பத் தயாராகிவிட்டோம். அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியது நிதி மட்டுமல்ல, என்ன நடந்தது என்ற உண்மையும்தான். நான்கு வருடம் கழித்து, 2020-ல், துருக்கி அரசு ஆவணக் காப்பகத்தில் ஓட்டமான் காலக் கடிதங்கள் மூன்று வெளிவந்தன. 1888 ஆகஸ்ட் 22 அன்று இன்றைய இராக்கின் சுலைமானியா அருகே வானத்திலிருந்து விழுந்த கற்களால் ஒருவர் இறந்தார், ஒருவர் முடங்கிப்போனார் என்று உள்ளூர் அதிகாரிகள் மேலிடத்துக்கு எழுதியவை. நூற்று முப்பது வருடம் அடுக்கில் கிடந்திருக்கின்றன.

இப்போதைய நிலவரம் இது. ஒரு கிலோமீட்டரைவிடப் பெரிய, பூமிக்கு அருகே வரும் கற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கணக்கில் வந்துவிட்டன. ஒரு பெருநகரத்தைக் காலி செய்யக்கூடிய 140 மீட்டர் ரகத்தில் பாதிகூட இன்னும் அகப்படவில்லை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்தது இருபது மீட்டர் கல். அது வருவதை யாரும் பார்க்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னலருகே ஓடியவர்களைச் சற்றுத் தாமதமாக வந்த அதிர்வலை கண்ணாடிச் சில்லுகளால் கிழித்தது; சுமார் 1,500 பேருக்குக் காயம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பழகிய நமக்கு இது புரியும்: வானத்தில் அப்படி ஒரு வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகவேண்டும்.

வருவது முன்னாலேயே தெரிந்தால் தள்ளிவிடலாம் என்பதும் நிரூபணமாகிவிட்டது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், ஒரு கோடி கிலோமீட்டருக்கு அப்பால், 160 மீட்டர் அகலமான டைமார்ஃபஸ்மீது நொடிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் மோதியது. தன் தாய்க்கல்லை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிவந்த அந்தக் கல், 32 நிமிடம் குறைவாகச் சுற்றத் தொடங்கியது. சின்னத் தள்ளல்தான். அது பெரிய விலகலாக வளர வருடங்கள் வேண்டும். வருடங்கள் கிடைக்க, முன்பே எடுத்துவைத்த படங்கள் வேண்டும், அவற்றைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். விண்கலம் ஏவும் நாளில் கைதட்ட வரும் தலைவர்கள் இந்தக் கடைசி இனத்துக்கு நிதி ஒதுக்கும் கூட்டத்துக்கு வருவதில்லை. 2025-ல் சிலியில் கண்திறந்த ரூபின் வானாய்வகம் தன் முதல் பத்து மணிநேரச் சொச்சப் படங்களிலேயே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட புதுச் சிறுகோள்களைக் காட்டிவிட்டது. பெட்டிகள் நிறைகிற வேகம் கூடியிருக்கிறது. திறந்து பார்க்கும் வேலையில் பாதி இனி மென்பொருளுடையது. மார்ச் மாதத்துப் படத்தில் மங்கலாக இருந்ததை அது விட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

அபோஃபிஸ் மோதாதே தவிர, வரத்தான் போகிறது. பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில், நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களைவிடத் தாழ்வாக. ஆஸ்திரேலியாவுக்கு மேலே முதலில் தென்பட்டு, மேற்கே இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஆப்பிரிக்காவைத் தாண்டி அட்லாண்டிக் மேல் போகும்போது மிக அருகில் இருக்கும். அது பல நாடுகளில் ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. நம் கடிகாரத்தில் ஏப்ரல் 14 விடிகாலை மூன்றே கால் மணி, சித்திரை முதல் நாள். எகிப்தியரின் இருள் தெய்வத்தின் பெயரைச் சுமக்கும் அந்தக் கல் கடந்துபோகும் அன்று நமக்குப் பிறக்கிற வருடத்தின் பெயர் பஞ்சாங்கத்தில் சௌமிய.